இருபத்து நான்கு டிகிரி

எனக்குக் கோபம் வந்தால் முதலில் வேலை செய்வது வாய்தான். மூளை சாவகாசமாகப் பின்னால் வரும். அது வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இதை நானே ஒத்துக்கொள்கிறேன், யாரும் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம். என் தங்கை ஞாயிறுதோறும் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதுவே போதும்.

நாங்கள் வேலை செய்த அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. எட்டடிக்குப் பத்தடி. ஜன்னல் கிடையாது. அதற்குமுன் உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கிற இடமாம். எங்களுக்கு ஒதுக்கியபோது உடையாத இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு நீள மேசை, சுவரோரம் இரும்பு அலமாரி நிறையக் கண்ணாடி இழை சுற்றிய உருளைகள், மேசை நடுவில் உள்ளங்கை அகலத்தில் எங்கள் மின்சுற்று அட்டை. எங்கள் என்றால் என்னுடையதும் நானோவுடையதும்.

நானோ அவருடைய சொந்தப் பெயர் அல்ல. ஆள் நூற்றுப் பத்து கிலோ. ஆனால் வாயைத் திறந்தால் நானோமீட்டருக்கு மேல் எதையும் பேச மாட்டார். "டீக்கு எவ்வளவு சர்க்கரை?" என்று கேட்டால் "ஒரு நானோ" என்பார், சொல்லிக்கொண்டே மூன்று கரண்டி போட்டுக்கொள்வார். பெயரை வைத்தது நான். கட்டடம் முழுக்க அதைப் பரப்பியதும் நானே.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன், பெரிய வித்தை ஒன்றுமில்லை. நீங்கள் போனில் பேசுவது, படம் அனுப்புவது எல்லாம் ஊருக்கு ஊர் கண்ணாடி இழையில் ஒளியாகத்தான் போகிறது. ஒரே இழையில் தொண்ணூற்றாறு நிறங்களை அனுப்பலாம். நிறம் என்கிறோமே தவிர கண்ணுக்கு எதுவும் தெரியாது, எல்லாம் சிவப்புக்கும் அப்பால். ஒவ்வொரு நிறமும் ஒரு பஸ் என்று வையுங்கள். பழைய முறையில் ஒவ்வொரு சந்திப்பிலும் எல்லாப் பயணிகளையும் இறக்கி, டிக்கெட்டைப் பார்த்து, வேறு பஸ்ஸில் ஏற்றுவார்கள். அதாவது ஒளியை மின்சாரமாக்கி, படித்து, மறுபடி ஒளியாக்கி அனுப்புவார்கள். நேரமும் தண்டம், மின்சாரமும் தண்டம். எங்கள் அட்டை யாரையும் இறக்காது. நிறத்தைப் பார்த்தே, நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம் என்று ஒளியை ஒளியாகவே திருப்பிவிடும்.

திருப்புவதற்கு அட்டையின் சில்லில், அதாவது சிப்பில், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பொடி ஹீட்டர் உண்டு. அதில் எவ்வளவு மின்சாரம் விட்டால் எந்த நிறம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கு ஓர் அட்டவணை வேண்டும். தொண்ணூற்றாறு நிறம், நான்கு திசை, முந்நூற்று எண்பத்து நான்கு எண்கள். அந்த அட்டவணை நானோவின் வேலை. அதை வைத்து எந்த நிறத்தை எப்போது எந்தப் பாதையில் அனுப்புவது என்று முடிவெடுக்கிற புரோகிராம் என் வேலை.

முந்நூற்று எண்பத்து நான்கையும் அளக்க ஆறு மாதம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றையும் மூன்று முறை அளப்பார். மூன்றும் ஒத்துவந்தால்தான் நோட்டில் ஏறும். ஒத்துவராவிட்டால் சலித்துக்கொள்ளாமல் முதலிலிருந்து. நானாக இருந்தால் இரண்டாவது தடவையிலேயே அட்டையைத் தூக்கி எறிந்திருப்பேன். அட்டையை ஒட்டினாற்போல நாற்காலியைப் போட்டு, அதில் ஒரு பச்சை மெத்தையை வைத்து, அட்டைக்குக் காற்றை இழுக்கிற சின்ன ஃபேனுக்குப் பக்கத்தில் மலை மாதிரி உட்கார்ந்திருப்பார். நான் மேசையின் மறுகோடியில். ஒருநாள் பேச்சு இருக்கும், ஒருநாள் இருக்காது. இல்லாத நாளும் நன்றாகத்தான் இருக்கும்.

அப்படி ஒருநாள், இழையின் முனையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"வீட்டுல நான் உள்ள நுழைஞ்சா டிவி சத்தம் கூடும் மேடம்."

"என்ன?"

"வீட்டுக்காரியும் பிள்ளையும் நல்லாத்தான் பேசிட்டிருப்பாங்க. வாசல்லயே கேக்கும். நான் செருப்பைக் கழட்டினதும் பேச்சு நின்னுடும், டிவி சத்தம் ஏறும். சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. எப்படியோ பழகிடுச்சு."

"டீ குடிக்கிறீங்களா?" என்றேன். "ஒரு நானோ" என்றார். அதோடு சரி. அவர் அதை வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

சண்டை கேன்டீனில் நடந்தது. எட்டுப் பேர் உட்கார்ந்திருந்த மேசை. மேனேஜர் தட்டோடு வந்து நின்றார். பயிற்சிக்கு வந்த காலத்தில் அவருடைய முதல் புரோகிராமைத் திருத்திக் கொடுத்தவள் நான், அதனால் மேனேஜரான பிறகும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான்கு நாள் தொடர் விடுமுறை வருகிறது, அப்போது அட்டையை நீளமாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். ஆள் இல்லாமல் லேசரை எரியவிடக் கூடாது என்பது விதி. அதுவரை நாங்கள் சாப்பிடப் போனாலே அணைத்துவிட்டுத்தான் போவோம். ஆக, யாராவது நான்கு நாளும் வர வேண்டும்.

நான் வாயைத் திறப்பதற்குள் நானோ சிரித்துக்கொண்டே சொன்னார், "மேடம் இருக்காங்களே. அவங்களுக்கென்ன, வீட்டுல யாரு காத்துட்டிருக்கா?"

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். விஷமமாக ஒன்றுமில்லை, அவரும் தமாஷாகத்தான் சொன்னார். ஆனால் அம்மா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் பூட்டைத் திறந்து உள்ளே போய் நானே விளக்கைப் போடுகிறவளுக்கு அது எங்கே போய்க் குத்தும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

"எனக்கு யாரும் இல்ல, சரி," என்றேன். "உங்களுக்கு ரெண்டு பேர் இருந்தும் நீங்க உள்ள வந்தா டிவி சத்தத்தைத்தானே கூட்டுறாங்க? யாரும் இல்லாம தனியா இருக்கறது எவ்வளவோ தேவலை."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. நானோ கரண்டியைத் தட்டின் ஓரத்தில் மெதுவாக வைத்தார். என்னையோ மற்றவர்களையோ பார்க்கவில்லை, மேசையைத்தான் பார்த்தார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். நான் அள்ளக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் தணியவே இரண்டு நாள் ஆயிற்று.

விடுமுறையின் முதல் நாள் காலை அறையைத் திறந்தபோது நாற்காலியில் மெத்தை இல்லை. விடுமுறை முடிந்ததும் மூன்றாம் மாடியில், உதிரி பாகங்களைச் சோதிக்கிற பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மேனேஜரிடம் காரணம் கேட்டேன்.

"கீழ மூச்சு முட்டுதுன்னாரு, அக்கா."

"ஆறு மாசமா முட்டாத மூச்சு இப்ப முட்டுதாமா?"

மேனேஜர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒற்றை ஆளாக ஓர் அறையில் இருப்பது எனக்குப் புதிதில்லை, வீட்டில் அதைத்தானே செய்கிறேன். ஆனால் வீட்டில் காலியாக இருப்பது வீடு. இங்கே காலியாக இருந்தது ஓர் ஆள் அளவு. "இதப் பாருங்க, எழுபத்தொண்ணாம் நிறம் என்னமா திரும்புது!" என்று சொல்லத் தலையைத் திருப்புவேன், அங்கே நாற்காலிதான் இருக்கும். இரண்டு முறை டீ இரண்டாக வாங்கிவந்துவிட்டேன். ஒன்று ஆறிப்போகும், அதையும் நானே குடிப்பேன். தங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை, "என்னக்கா, இப்பல்லாம் உங்க நானோ கதையே வர்றதில்ல?" என்றாள். கதை தீர்ந்துபோச்சு என்றேன். அவள் பேச்சை மாற்றினாள்.

அட்டையும் அந்த விடுமுறையின் முதல் நாளிலேயே மக்கர் செய்யத் தொடங்கியிருந்தது.

அலமாரியில் இருக்கிற உருளைகளின் வழியாக ஒளியைப் பன்னிரண்டு முறை சுற்றிவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் எங்கள் அட்டையில் திருப்புவோம், பன்னிரண்டு ஊர்ச் சந்திப்புகளைத் தாண்டிப் போவது போல. கடைசியில் எத்தனை பிழை என்று திரையில் ஓர் எண் வரும். அதுவரை எப்போதும் அது பூஜ்யம். அந்த விடுமுறையில் முதலில் அறுபத்தொன்றாம் நிறத்தில் ஏழு, பிறகு நாற்பது, சாயங்காலம் ஆயிரத்துக்குமேல். ஒரு நிறம் பக்கத்து நிறத்தின் பாதையில் காலை வைத்தது. பஸ் தன் தடத்தை விட்டு அடுத்த தடத்தில் உரசிக்கொண்டு போனால் எப்படி, அப்படி.

என் புரோகிராமை ஒன்பது நாள் வரிவரியாகப் படித்தேன். பாதை தேர்ந்தெடுக்கிற பகுதி முழுக்கச் சுத்தமாக இருந்தது. அப்போது மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, நானோவின் அட்டவணை. அவருடைய கருவியைக் கொண்டே மூன்று நிறங்களை நான் அளந்து பார்த்தேன். மூன்றும் அவர் எழுதியதோடு ஒத்துப்போகவில்லை. மூன்றும் ஒரே பக்கமாக விலகியிருந்தன. அது அப்போதே என்னை உறுத்தியிருக்க வேண்டும். ஆனால் விட்டுவிட்டுப் போய்விட்டாரே என்ற கோபத்தில் இருக்கிறவளுக்கு ஆதாரம் கிடைப்பதைப் போல ஆபத்து எதுவும் இல்லை.

ஒரு பக்கத்தில் அறிக்கை எழுதினேன். அட்டவணை நம்பத்தக்கதல்ல, அளவீட்டில் கவனக்குறைவு நேர்ந்திருக்கிறது. கவனக்குறைவு என்ற சொல்லை அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார்.

"அக்கா, நிச்சயமா? அவரோட ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. வியாழக்கிழமை கமிட்டி. இந்தப் பேப்பர் உள்ள போச்சுன்னா அவரை நீட்டிக்க மாட்டாங்க."

"அளந்து பாத்துட்டுத்தான் எழுதியிருக்கேன்."

"அம்பத்தாறு வயசுல வேற எங்க போவாரு?"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? தப்பை ரைட்டுன்னு எழுதட்டுமா?"

சொல்லிவிட்டு மிடுக்காகத்தான் வெளியே வந்தேன். அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். பசிக்காமலேயே ஒரு பாக்கெட் பிஸ்கட்டைத் தின்று தீர்த்தேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டிக்கர்காரர் வந்தார். அலுவலகச் சாமான்களைக் கணக்கெடுத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டுகிறவர். ஒல்லி ஆள், ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது, அதை வாசலிலேயே சொல்லிவிட்டார். முழங்கால் வலி என்று நானோவின் நாற்காலியை இழுத்து, அட்டைக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"உருளை எத்தனை மேடம்?"

"நாப்பத்தெட்டு."

"லிஸ்ட்ல நாப்பத்தேழுதான் இருக்கு."

"அப்ப ஒண்ணை நான் வீட்டுல இருந்து கொண்டுவந்திருக்கேன்னு வச்சுக்குங்க."

அவர் சிரிக்காமல் அதை எழுதிக்கொண்டார். முக்கால் மணி நேரம் எழுதினார். நடுவில் நான் திரையைப் பார்த்தேன். பிழை ஆயிரத்து நூறில் இருந்தது ஐந்நூற்றுச் சொச்சமாகியிருந்தது. ஆறு வாரத்தில் அது ஒருநாளும் இறங்கியதில்லை. இன்னும் சற்று நேரத்தில் நானூறு. நான் எதையும் மாற்றவில்லை. அவர் எழுந்து, வணக்கம் சொல்லி, அடுத்த அறைக்குப் போனார். இருபது நிமிடம் கழித்துத் திரையில் மறுபடி ஆயிரம்.

ஓடினேன். அவர் அடுத்த அறையில் ஒரு பிரிண்டருக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

"சார், என்னத்தைத் தொட்டீங்க?"

தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தார். "ஐயோ, நான் ஒண்ணையும் தொடலையே! ஸ்டிக்கர் மட்டும்தான்."

"எங்க ஒட்டினீங்க?"

"மேசை காலுல."

"வாங்க, வந்து உட்காருங்க."

"மேடம், எனக்கு இன்னும் நாலு மாடி பாக்கி..."

"உட்காருங்க சார், புண்ணியமாப் போகும்!"

உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் நானூறுக்கு வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை. எனக்குள் எதுவோ மெதுவாகப் புரளத் தொடங்கியது. வாசலுக்குப் போய் செக்யூரிட்டி அண்ணனைக் கூட்டிவந்தேன். அவரை ஸ்டிக்கர்காரருக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியில் உட்காரவைத்தேன். இரண்டு ஒல்லி ஆட்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி என்னையே பார்த்தார்கள்.

"நாங்க என்ன பண்ணணும் மேடம்?" என்றார் செக்யூரிட்டி அண்ணன்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம். மூச்சு விட்டுட்டு உட்கார்ந்திருங்க."

முந்நூறு, நூற்றிருபது, நாற்பது. பன்னிரண்டேகாலுக்குப் பூஜ்யம்.

சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு மனித உடம்பு நூறு வாட் பல்பு அளவுக்குச் சூடு விடும். சின்ன அறை, ஜன்னல் இல்லை, ஃபேன் இழுப்பதோ பக்கத்தில் இருக்கிறவர் மேல் பட்டு வருகிற காற்று. இரண்டு ஒல்லி ஆள் சேர்ந்தால் ஒரு நானோ. சில்லின் சூடு ஒரு டிகிரி மாறினால் நிறம் ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நகரும். பக்கத்து நிறம் இருப்பதே பத்தில் நான்கு பங்கு தூரத்தில்தான்.

ஆனால் சூடு மாறினால் அதற்கேற்ப ஹீட்டர்களைத் திருத்த வேண்டியது யார்? புரோகிராம். அட்டையிலேயே ஒரு வெப்பமானி உண்டு. எந்தச் சூட்டுக்கு எவ்வளவு திருத்த வேண்டும் என்று நானோ தனியாக ஒரு பக்கமே எழுதிக் கொடுத்திருந்தார். நான் புரோகிராமைத் திறந்தேன். பாதைகளைத் தேடிய ஒன்பது நாளிலும் நான் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில் அந்த வரி இருந்தது. வெப்பநிலை = 24. பக்கத்தில் என் குறிப்பு: இப்போதைக்கு, பிறகு மாற்றணும்.

எழுதியது ஞாபகம் வந்தது. வெப்பமானி கொஞ்சம் குதிக்கும். அது குதிக்கிறபோதெல்லாம் ஹீட்டர்களும் கூடவே ஆடும். எரிச்சல் வந்தது. ஒரு வாரம் பார்த்தேன், சராசரி எந்நேரமும் இருபத்து நான்கு. மாறாததை எதற்கு அளப்பானேன் என்று வெப்பமானியைக் கழற்றிவிட்டு எண்ணை நேரடியாக எழுதிவிட்டேன். எங்கள் தொழிலில் இப்போதைக்கு என்று எழுதுவதைப் போல நிரந்தரமானது வேறொன்றும் இல்லை. இப்போது வெப்பமானியைப் படித்துப் பார்த்தேன். இரண்டு பேர் உட்கார்ந்திருக்கையில் 24.1. அவர்களை வெளியே அனுப்பிவிட்டு நான் மட்டும் இருந்தபோது 22.4.

நானோ எந்நாளும் இந்த அறையில் இருப்பார் என்று ஒரே வரியில் எழுதிவைத்தவள் நான். அவரை விரட்டியவளும் நான். பிறகு அவர் அளந்தது தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவளும் நானே. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பழமொழி எனக்காகவே காத்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் அழுதேன், சத்தமாகவே. கதவுக்கு வெளியே நின்ற செக்யூரிட்டி அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டார். ஸ்டிக்கர்காரர், "லிஸ்ட்ல நாப்பத்தெட்டாவே போட்டுடறேன் மேடம், இதுக்குப்போய் அழாதீங்க" என்றார்.

கமிட்டி மூன்று மணிக்கு, தரைத்தளத்தில். வெப்பமானியை மறுபடி இணைத்தேன். அது குதிப்பதை அடக்க ஒரு நிமிடத்துக்கான சராசரியை எடுக்கச் சொன்னேன். அதற்கு இரண்டு வரி, பத்து நிமிடம். அன்றைக்கே செய்திருக்கலாம். பிறகு நானும் அறையை விட்டு வெளியே வந்து, கதவிலிருந்த சதுரக் கண்ணாடி வழியாகத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஒருவரும் இல்லை. அறை குளிர்ந்துகொண்டே போனது, இருபத்திரண்டு, இருபத்தொன்றரை. பிழை பூஜ்யத்திலேயே நின்றது. முக்கால் மணி நேரம் நின்றேன். அட்டைக்கு இனி அவரும் வேண்டாம், நானும் வேண்டாம். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். யாரிடம் சொல்லிச் சந்தோஷப்படுவது என்றுதான் தெரியவில்லை.

கமிட்டியில் மேனேஜரைத் தவிர மூன்று பேர். நானோ மேசைக் கோடியில், அளவுகள் எழுதிய நோட்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறு வாரத்தில் கொஞ்சம் இளைத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. மேனேஜர் என் அறிக்கையைப் படிக்க ஆரம்பித்ததும் நான் எழுந்து நின்றேன்.

"அதைப் படிக்க வேண்டாம், தம்பி," என்றேன். கூட்டத்தில் அவரை சார் என்றுதான் சொல்வேன், அன்று மறந்துவிட்டது. "அதுல எழுதியிருக்கறது அத்தனையும் தப்பு."

இருபத்து நான்கைச் சொன்னேன். ஸ்டிக்கர்காரரையும் செக்யூரிட்டி அண்ணனையும் சொன்னேன். ஒருவர் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். தலைமை தாங்கிய அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப அட்டவணை சரியா?"

"முந்நூத்து எம்பத்தி நாலும் சரி. ஒரு எண்ணுகூட பிசகல."

"இதுல கவனக்குறைவுன்னு ஒரு வார்த்தை இருக்கே."

"அது எனக்கு. என் பேருக்கு மாத்திப் போட்டுக்குங்க."

என் பெயருக்குத்தான் மாற்றினார்கள். அது என் கோப்பில் இருக்கிறது, இருக்கட்டும். நானோவின் ஒப்பந்தத்தை இரண்டு வருடத்துக்கு நீட்டித்தார்கள். மேனேஜர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானோ எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். லிஃப்ட் திறந்தே நின்றது. அதில் ஏறப் போனவர் என் செருப்புச் சத்தம் கேட்டதும் படிப் பக்கம் திரும்பினார். நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்குகிற மனிதர்.

"நானோ!"

மூன்றாம் படியில் நின்றார்.

"மன்னிச்சுடுங்க. அந்த ரிப்போர்ட்டுக்கு."

"அட, அது பரவாயில்ல மேடம்." திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லாத முகம். "அளவு தப்புன்னுதானே எழுதினீங்க? சந்தேகம் வந்தா திரும்ப அளக்கணும், அதுதானே தொழில். ஆனா ரெண்டு பேரைப் பிடிச்சு உட்காரவச்சுக் கண்டுபிடிச்சீங்க பாருங்க, அது நல்ல வேலை. எனக்குத் தோணியிருக்காது."

"கீழ வந்துடுங்க. உங்க நாற்காலி அங்கேயேதான் இருக்கு."

"எதுக்கு? வெப்பமானியை மாட்டிட்டீங்களே. இனிமே ஆளே இல்லாம ஓடும்."

"அட்டைக்கு வேண்டாம்," என்றேன். "எனக்கு வேணும். அந்த ரூம்ல தனியா உட்கார முடியல, நானோ. வீட்டுலயும் தனி, இங்கேயும் தனின்னா நான் எங்கதான் போறது?"

ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதைக் கவனித்தார். ஒரு படி இறங்கினார். வந்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"அன்னைக்கு கேன்டீன்ல நீங்க சொன்னது..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

"அது கோபத்துல வாய்க்கு வந்தது. வெறும் பொய். மனசுல வச்சுக்காதீங்க."

"பொய்யா இருந்தா மறுநாளே கீழ வந்திருப்பேன் மேடம்."

அதைக் குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. மூன்று முறை அளந்து ஒத்துவந்த ஓர் எண்ணைப் படிக்கிற குரலில் சொன்னார். பிறகு திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கினார். முதல் மாடியில் ஒருமுறை நின்றார், இரண்டாம் மாடியில் ஒருமுறை. மேலே கதவு திறந்து மூடுகிற வரைக்கும் அவர் மூச்சு வாங்குவது கேட்டுக்கொண்டே இருந்தது. நான் கீழே போனேன்.